ஃபிட்லியும் நச்சு வேலையும்

பிரிட்டனில் அன்றாடப் பேச்சில் புழங்கும் சொல் ‘ஃபிட்லி’. சட்டைக் கையின் குட்டிப் பித்தானைப் போடுவது, மூக்குக்கண்ணாடித் திருகாணியை முடுக்குவது எல்லாம் அவர்களுக்கு ஃபிட்லி. தமிழாக்கும்போது பலரும் ‘சிக்கலான’ என்று எழுதிவிடுகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

சிக்கலை அவிழ்க்க யோசிக்க வேண்டும். ஊசியில் நூல் கோக்க யோசனை எதற்கு? எப்படிக் கோப்பது என்று எல்லோருக்கும் தெரியும். விரல்தான் ஒத்துழைக்க மறுக்கிறது. அதுதான் ஃபிட்லி. சொல்லின் பிறப்பும் விரலோடு சேர்ந்ததே. நம் கச்சேரி மேடையில் இருக்கும் அதே பிடில்தான் இதன் மூலம். பிடில் வாசிப்பதைச் சொன்ன வினைச்சொல், பிறகு எதையாவது விரலால் நோண்டிக்கொண்டிருப்பதையும் குறித்தது; இந்தப் பெயரடை அதன் வழி வந்தது.

‘நுணுக்கமான’ என்றால்? அதில் பாராட்டு ஏறிவிடுகிறது. நகைப் பட்டறையில் நடப்பது நுணுக்க வேலை. ஃபிட்லி என்று சொல்பவர் சலித்துக்கொள்கிறார்.

இந்தச் சலிப்புக்கு நம் அடுக்களையில் ஒரு சொல் உண்டு. வாழைப்பூ ஆய்ந்தவர்களுக்குத் தெரியும்: மடலை விலக்கி, ஒவ்வொரு பூவாக விரித்து, நடுவே தலை தடித்து நிற்கும் கள்ளனையும், அடியில் கண்ணாடித்தாள் போல ஒட்டியிருக்கும் செதிலையும் கிள்ளி எடுக்க வேண்டும். உள்ளே போகப் போகப் பூ சிறுத்துக்கொண்டே வரும், விரல் நுனியெல்லாம் கறுத்துவிடும். அம்மா இதை ‘நச்சுப் பிடிச்ச வேலை’ என்பாள். ஃபிட்லிக்கு இவ்வளவு அருகில் வரும் வேறு தமிழ்ச் சொல் எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் இரண்டும் முழுதாகப் பொருந்தவில்லை. நச்சு வேலையில் நேரம் பிடிப்பதும், திரும்பத் திரும்பச் செய்வதும் சேர்ந்திருக்கின்றன. ஒற்றைத் திருகாணியை முடுக்குவதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. தவிர, ஃபிட்லி பொருளுக்கும் அடைமொழியாக வரும். ‘நச்சுப் பித்தான்’ என்றால் படிப்பவருக்கு விஷம்தான் நினைவுக்கு வரும். அங்கே ‘விரலுக்குப் பிடிபடாத பித்தான்’ என்பதே சரி.

ஆக, ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போட முடியாது. ஆய்வது, உரிப்பது, கோப்பது போன்ற வேலைக்கு ‘நச்சு வேலை’. பொருளுக்கு ‘விரலுக்குப் பிடிபடாத’. ‘சிக்கலான’ எங்கும் வேண்டாம். ‘நச்சு வேலை’ பேச்சுச் சொல்லாயிற்றே என்று மொழிபெயர்ப்பாளர்கள் தயங்க வேண்டியதில்லை. ஃபிட்லியும் பேச்சுச் சொல்தான்.