நாழிகைக் கதையும் பழகாத் துறையும்

ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் எனக் கவியை நால்வகைப்படுத்தினர் முன்னோர். கொடுத்த பொருளில் அப்பொழுதே பாடுவது ஆசுகவி. 1907 மார்ச்சு 10ஆம் நாள் சென்னையில் செய்குத்தம்பிப் பாவலர் நிகழ்த்திய சதாவதானம் அம்மரபின் அண்மைக்காலப் பெருமை.

இன்று அதே சோதனை சிறுகதைக்கு வந்துள்ளது. நியூயார்க்கிலிருந்து நடத்தப்பெறும் ஒரு போட்டியில் கதைவகை, இடம், பொருள் மூன்றையும் நடத்துவோரே குறித்துவிடுவர். 48 மணி நேரத்தில் 1,000 சொற்களுக்குள் கதை முடிதல் வேண்டும். குடும்பக் கதை எழுதிப் பழகியவருக்குப் பேய்க்கதை வந்து வாய்க்கலாம். பழகாத துறை எழுத்தை வளர்க்கும் என்பர். அஃது எந்த அளவு உண்மை?

ஆசுகவிக்குப் பொருள்தான் புதிது; யாப்போ நாவில் ஊறியது. இங்கே கதைவகையே புதிது; காலமும் குறுகியது. ஆதலின் அவசரத்தில் கை இரவற் பொருளையே நாடும்.

சிங்கப்பூர் எழுத்தாளர் ஒருவருக்குப் பேய்க்கதையும் இடுகாடும் வாய்த்தன எனக் கொள்வோம். சுவா சூ காங் இடுகாடு உடனே நினைவில் எழும். நள்ளிரவு, வெள்ளைச் சேலை, நரியின் ஊளை எனக் கதை ஓடும். சிங்கப்பூரில் நரி ஏது? எங்கோ படித்த நரி அது!

அவ்விடத்தை அறிந்தவர் வேறு கதை காண்பார். சிங்கப்பூரில் இன்றும் புதைக்க இடந்தரும் இடுகாடு அஃது ஒன்றே. நிலம் அரிதாதலின், 1998 முதல் அங்குப் புதைப்பதற்கு 15 ஆண்டே தவணை. பின்னர்க் கல்லறையைத் தோண்டி, எச்சத்தை அவரவர் சமய முறைப்படி எரிப்பர். அன்றி மீண்டும் புதைப்பர். இறந்தாருக்கும் குடியிருப்புத் தவணை உண்டு என்பதைவிட அச்சந்தரும் கரு வேறு வேண்டுமோ? தாயின் எலும்பை ஏற்கக் காத்துநிற்கும் மகன் ஒருவன் போதும். வெள்ளைச் சேலை வேண்டா.

ஆகவே, பழகாத துறை தரும் பயன் வேகமன்று. தேய்ந்த வழியை அடைத்து, அறிந்த மண்ணைப் புதிதாய்ப் பார்க்கச் செய்தலே. அப்பார்வை இன்றேல் போட்டி வெறும் வேடமாற்றமாய் முடியும். நடுவர் ஆராய வேண்டுவது, கதை வகைக்குப் பொருந்தியதா என்பதை மட்டுமன்று; எழுதியவர் தாம் அறிந்த வாழ்வை அவ்வகைக்குள் கொணர்ந்தாரா என்பதையும் ஆம். தமிழாசிரியரும் மாணவர்க்கு வகையைப் புதிதாகவும் களத்தைப் பழகியதாகவும் கொடுத்துப் பார்க்கலாம். நாழிகை முடிந்தபின் திருத்தவும் காலம் தருக. விரைந்து பிறந்த கதையும் ஆறவிட்டுத் திருத்தினாலன்றி நிலைபெறாது.