அடுப்பும் இலக்கியமும்

உணவைப் பற்றி எழுதுவது இலக்கியத்தின் தகுதிக்குக் குறைந்த காரியம் என்றோர் எண்ணம் நம்மவர் சிலரிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. பசியைப் பாடலாம், பஞ்சத்தைப் பாடலாம், ஆனால் அடுப்பில் என்ன வெந்தது, அதை யார் ஆக்கினார், விறகு எங்கிருந்து வந்தது என்று கேட்பது சமையற் புத்தகம் எழுதுவோரின் வேலை என்று அவர்கள் ஒதுக்கிவிடுகின்றனர்.

பழந்தமிழ்ப் புலவர் இவ்வாறு ஒதுக்கியதில்லை. சிறுபாணாற்றுப்படையில், கூரை சிதைந்த அடுக்களை ஒன்றை நத்தத்தனார் நம் கண்முன் நிறுத்துகிறார். கிணைமகள் குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள், உப்பின்றி வேகவைக்கிறாள், அயலார் கண்டு பழிப்பரே என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். அதே பாட்டில்தான் கடற்கரையில் சுட்ட மீனும், வேட்டுவர் ஊரில் புளிச்சோறும் காட்டுப்பசுவின் இறைச்சியும், மருத நிலத்தில் நண்டுக் கலவையோடு வெண்சோறும் வருகின்றன. பசியையும் விருந்தையும் ஒரே பாட்டில் வைத்து, இரண்டிலும் ஆக்கியவர் கையைக் காட்டியது அந்தப் புலவரின் யதார்த்த நோக்கு. உணவைப் பற்றிய எழுத்தை அளக்க இதனினும் நல்ல அளவுகோல் நமக்குத் தேவையில்லை.

இந்த அளவுகோலோடு கண்டி மலைப்பகுதியைப் பற்றிய எழுத்துக்களை நோக்குவோம். கண்டி நகரம் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே ஹேவாஹெட்டை, புசல்லாவை, நக்கிள்ஸ் என்று ஏற ஏற மார்கழியும் தையும் எலும்பைத் தொடும். வயிறு நிறையச் சூடாக உண்பது அங்கே உடம்பின் நியாயமான கோரிக்கை. அக்கோரிக்கை யாருக்கு நிறைவேறிற்று என்பதே கேள்வி.

முதலில் ரொபர்ட் நொக்ஸ். 1660ல் இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்ட இந்த ஆங்கில மாலுமி, 1679ல் தப்பிச் செல்லும்வரை கண்டி இராச்சியத்தின் ஊர்களில் வாழ்ந்தான். 1681ல் இலண்டனில் வெளிவந்த அவனுடைய நூலில் உணவைப் பற்றிய செய்திகள் நிறைய உண்டு. வீட்டில் அரிசியும் உப்பும் இருந்தால் குறையில்லை என்று கண்டிக் குடியானவர் கருதினர் என்றும், நாலு பச்சிலையும் எலுமிச்சஞ் சாறும் மிளகும் இருந்தால் அவர்கள் மனநிறைவோடு உண்டனர் என்றும் அவன் எழுதுகிறான். பலாவின் பிஞ்சுக்குப் பொலொஸ் என்றும் முற்றிய காய்க்குக் கொஸ் என்றும் அவர்கள் வழங்கிய பெயர்களைக் குறித்து வைக்கிறான். தாளிப்பனையின் சோற்றை இடித்து மாவாக்கி, அறுவடைக்கு முந்திய தட்டுப்பாட்டு நாட்களில் அப்பமாகச் சுட்டதைச் சொல்கிறான். வேடர் மரப்பொந்தில் தேன் ஊற்றி அதில் இறைச்சியை இட்டுக் களிமண்ணால் அடைத்து, இல்லாத காலத்துக்கென வைத்ததையும் சொல்கிறான்.

மேனாட்டு வாசகருக்கு இவை விநோத உணவுகள். ஆனால் கூர்ந்து பார்த்தால், தாளிப்பனை மாவும் தேனில் ஊறிய இறைச்சியும் பஞ்சத்துக்கு எதிராக மனிதன் கட்டிய அரண்கள் என்பது தெரியும். நொக்ஸின் சிறப்பு, இந்தக் காரணத்தை அவன் மறைக்காமையே. அவன் வேடிக்கை பார்க்க வந்தவனல்லன். ஊரார் கொடுக்கும் சோற்றை நம்பி வாழ்ந்தவன். பின்னர் சமைத்த சோற்றுக்குப் பதிலாக அரிசியாகவே கேட்டு வாங்கி, மிச்சம் பிடித்துக் கோழியும் பன்றியும் வளர்த்தவன். தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தவன். உணவின் விலையை அவன் தன் உழைப்பால் அறிந்திருந்தான்.

பின்னர் நிகழ்ந்தது வேறு. டேனியல் டீஃபோ தமது 1720ஆம் ஆண்டு நாவலான 'கேப்டன் சிங்கிள்டன்' நூலில் நொக்ஸின் கதையைச் சேர்த்துக்கொண்டார். சிறைப்பட்டவனின் சோறு, கணப்பருகே அமர்ந்து படிப்போரின் பொழுதுபோக்காயிற்று. விநோத உணவைத் தேடும் சாகச இலக்கியம் வளர்ந்த வழி இதுதான்: ஒருவனுடைய தேவை மற்றொருவனுடைய வியப்பாகிறது.

அந்த மரபின் முற்றிய வடிவத்தைச் சாமுவேல் பேக்கரிடம் காண்கிறோம். கண்டிக்குத் தெற்கே, இன்னும் உயரமான நுவரெலியாவில் 1848ல் ஆங்கிலப் பண்ணை ஒன்றை நிறுவ அவர் முயன்றார். இங்கிலாந்திலிருந்து குடியேறிகளையும் மாடு, ஆடு, வேட்டைநாய்களையும் கொண்டுவந்தார். 1850களில் வெளிவந்த அவருடைய இரு நூல்களிலும் நாய்களோடு மரையை விரட்டிக் கத்தியால் வீழ்த்தும் வேட்டை விரிவாக வருகிறது. எழுத்தில் வேகமும் உயிரும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் மூட்டை சுமந்தவரும் அடுப்பு மூட்டியவரும் எங்கே? நத்தத்தனார் காட்டிய கை பேக்கரிடம் மறைந்துவிடுகிறது.

அந்தக் கைக்குரியவர்கள் அதே காலத்தில் கோப்பித் தோட்டங்களுக்கென மன்னார், மாத்தளை வழியாக நடந்து வந்துகொண்டிருந்தனர். 1867ல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அருகேயுள்ள லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலை நோயால் கோப்பி அழிந்தபின் மலையெங்கும் தேயிலையாயிற்று. தோட்டத் தொழிலாளியின் கூலி ஆதிமுதல் அரிசியோடு பிணைந்திருந்தது. கொடுத்த அரிசியின் விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அரிசி வழங்கும் விலையைக் கருதியே அமைந்தது. 1942ல் பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் இலங்கைக்கு வந்த பர்மா அரிசி நின்றது. பங்கீடு வந்தது, கோதுமை மா வந்தது. 1944ல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைப் பூங்காவில் கூடாரமிட்டபோது, சுற்றியிருந்த மலைகளின் லயங்களில் ரொட்டி குடியேறிக்கொண்டிருந்தது. இன்று மலையகத்தின் பாரம்பரிய உணவென்று நாம் சொல்லும் ரொட்டியின் பரவலுக்குப் பின்னால் ஓர் உலகப் போர் நிற்கிறது.

ஆயினும் அந்த ரொட்டியை மக்கள் தமதாக்கிக்கொண்ட விதத்தில் பேரறிவு இருக்கிறது. விடியுமுன் பெரட்டுக்கு ஓடவேண்டிய பெண்ணுக்குச் சோறு வடிக்க நேரமில்லை. உப்பும் நீரும் விட்டுப் பிசைந்து, தேங்காய்ப்பூ இருந்தால் சேர்த்து, தடிப்பாகத் தட்டிச் சுட்ட ரொட்டி சீலைத் துண்டில் முடிந்து மலைக்குக் கொண்டுபோகத் தக்கது. குளிரிலும் மழையிலும் நெடுநேரம் பசி தாங்குவது. அம்மியில் அரைத்த மிளகாய்ச் சம்பல் உடம்பில் சூடேற்றுவது. கவ்வாத்து வெட்டிய தேயிலையின் மிலாறு விறகாகிறது. பலாக்காயும் மரவள்ளியும் மலையில் பறித்த கீரையும் கறியாகின்றன. சிங்களக் கிராமத்தவரும் தோட்டத் தொழிலாளரும் ஒரே விதமாகக் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சாயத் தேநீர் குடிக்கின்றனர். இனங்களைப் பிரிக்க முயல்வோர் இந்தக் கருப்பட்டித் துண்டைக் கவனிப்பது நல்லது. தளிரில் நல்லது கப்பலேற, பறித்தவர் கோப்பைக்குத் தூள் வந்தது என்பதையும் மறப்பதற்கில்லை.

இக்காலத்தில் பழைய துரைமார் பங்களாக்கள் பல உல்லாசப் பயண விடுதிகளாகிவிட்டன. பொலொஸ் கறியும் ரொட்டியும் சம்பலும் அங்கே 'அனுபவம்' என்ற பெயரில் பரிமாறப்படுகின்றன. பிற மக்களின் உணவை விரும்பி உண்பதை நாம் பழிக்கவில்லை; மனித உறவு வளரும் வழிகளில் அதுவும் ஒன்று. ஆனால் அந்த விளம்பர எழுத்து சொல்லாத செய்திகள் உண்டு. 2016ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கெடுப்பின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் எட்டாதோர் ஏறத்தாழ 17 சதவீதம். தோட்டப் பகுதியில் அது ஏறத்தாழ 32 சதவீதம். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் கோதுமை மாவின் விலை பல மடங்கு ஏறியபோது, 1,000 ரூபாய் நாட்கூலியில் ரொட்டியே எட்டாப் பொருளாயிற்று. ரொட்டி ஒருவருக்கு அனுபவம். மற்றவருக்கு அதுவும் நிச்சயமில்லை.

இனி நமது பக்கத்து எழுத்தைப் பார்ப்போம். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' தோட்டத்துக்கு வந்தவர் பட்ட துன்பத்தை நாவலாக்கிற்று. தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' லயத்து ஒற்றை அறையின் இட நெருக்கடியை மறக்கவொண்ணாதபடி சொல்லிற்று. இவை நமது செல்வங்கள். எனினும் முற்போக்குக் கதைகள் பலவற்றில் ரொட்டி வறுமையின் சின்னமாக மட்டுமே வந்து போகிறது. காய்ந்த ரொட்டி என்று எழுதியவுடன் வேலை முடிந்ததென்று எழுத்தாளர் கருதிவிடுகின்றனர். அதைச் சுட்டவளுடைய அளவறிவும், இருப்பதைக் கொண்டு சுவை கூட்டும் திறனும், பிள்ளைக்கு முதலில் வைத்துவிட்டுத் தனக்குக் குறைத்துக்கொள்ளும் கணக்கும் எழுதப்படுவதில்லை. தொழிலாளியை வெறும் வயிறாகக் காண்பது, அவனைக் காணாமலே விட்ட துரையின் பார்வைக்கு வெகுதூரத்தில் இல்லை. உழைக்கும் மக்கள் பண்பாட்டைப் படைப்பவர்கள் என்று மேடையில் சொல்கிறோம்; அடுப்பங்கரையில் அதற்குச் சான்று கிடக்கிறது.

மலையகப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதற்கு ஒரு வழி காட்டலாம். மாணவர்கள் தத்தம் பாட்டிமாரிடம் கேட்டு, எந்தக் கீரை எந்த மாதத்தில் கிடைத்தது, 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் எதை உண்டு பிழைத்தார்கள், மாவின் விலை ஏறியபோது எதைக் குறைத்தார்கள் என்று எழுதிவைக்கட்டும். பாட்டிமார் பலர் போய்விட்டனர். இருப்பவர்களும் நெடுநாள் காத்திரார். இந்தக் குறிப்புகளிலிருந்து, பசியையும் சுவையையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதவல்ல ஒருவர் தோன்றவேண்டும் என்பது நமது எதிர்பார்ப்பு.