துடுப்புகளால் ஆன சிலுவை

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 செப்டம்பரில் கியூபா நாட்டுக்குச் சென்றபோது, அந்நாள் அதிபர் ராவுல் காஸ்ட்ரோ அவருக்குப் பெரியதொரு பாடுபட்ட சுரூபத்தைப் பரிசளித்தார். அதன் சிலுவை மரம் துடுப்புகளால் ஆனது. அதைச் செய்தவர் கச்சோ என்றழைக்கப்படும் அலெக்சிஸ் லெய்வா மச்சாடோ. 1970-இல் கியூபாவின் இளைஞர் தீவில் பிறந்தவர். படகும் துடுப்புமே அவருடைய கலைமொழி.

இச்சிலுவையை மதிப்பிட நாம் 1994-க்குத் திரும்ப வேண்டும். சோவியத் ஒன்றியம் 1991-இல் சிதைந்தபின், கியூபாவில் உணவும் எரிபொருளும் அரிதாகியிருந்த காலம் அது. ஹவானாவில் நிகழ்ந்த ஈராண்டுக் கலைக்காட்சியில் கச்சோ 'ரெகாட்டா', அதாவது படகுப் போட்டி, என்னும் படைப்பை வைத்தார். பொம்மைப் படகுகள், கரையொதுங்கிய மரத்துண்டுகள், பழைய காலணிகள் ஆகியவற்றைத் தரையில் பரப்பியிருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஏறத்தாழ 35,000 பேர் டயர்க் குழாய்களையும் பலகைகளையும் பிணைத்து, அமெரிக்கக் கரையை நோக்கிக் கடலில் இறங்கினர். கரைசேராதோர் பலர்.

'ரெகாட்டா'வில் நம் நெஞ்சைத் தைப்பவை அக்காலணிகளே. அணிந்தவர் யார், போய்ச் சேர்ந்தாரா என்று அப்படைப்பு கூறுவதில்லை. கேள்வியை நம்மிடமே விட்டுவிடுகிறது. துடுப்புச் சிலுவையோ விடையையும் உடன் தந்துவிடுகிறது. புலம்பெயர்வோரின் பாடுகள் கிறிஸ்துவின் பாடுகளே என்னும் அவ்விடை உண்மையானது. 2013-இல் லம்பெதூசாத் தீவில் படகு மரத்தாலான திருக்கிண்ணத்தை ஏந்தித் திருத்தந்தை திருப்பலி நிறைவேற்றியபோது உணர்த்தியதும் அதுவே.

ஆயினும் இச்சிலுவையைப் பரிசளித்தது, எந்நாட்டை விட்டு அம்மக்கள் கடலில் இறங்கினரோ அந்நாட்டின் அரசு. கச்சோவும் அதன் தேசிய மன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். இதனால் அவருடைய கலை பொய்யாகிவிடாது. 2008-இல் புயல் தம் தீவைச் சிதைத்தபோது, தாயின் பெயரால் கலைஞர் பணிக்குழு அமைத்துத் துயருற்றோரிடம் சென்றவர் அவர். ஆனால் 2015 மே மாதம் வத்திக்கானில் ராவுல் அளித்த கச்சோவின் ஓவியமும் லம்பெதூசாவை நினைந்தே தீட்டப்பட்டது. தொலைவிலுள்ள கடலில் மாண்டோருக்காக அழுவது எளிது. நம் வாயிற்படியிலிருந்து இறங்கிப் போனவருக்காக அழுவது அரிது.

ஆகவே 'ரெகாட்டா'வையே உயர்ந்த படைப்பென்று நாம் கருதுகிறோம். ஆபேலைக் குறித்துக் காயினிடம் இறைவன் கேட்ட கேள்வி அங்கே இன்னும் ஒலிக்கிறது. சிலுவையின் முன் முழந்தாளிடுமுன், அக்காலணிகளின் முன் நாம் சற்றே நிற்பது நலம்.