காப்பாற்றுவதாகச் சொல்லும் விலக்கு

புதிய மருந்தொன்றை மனிதர்களிடம் சோதிக்கும் முன், யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது என்று ஆய்வாளர்கள் பட்டியல் போடுவார்கள். சேர்க்கக் கூடாதவர்கள் வரிசையில் பெரும்பாலும் கர்ப்பிணிகள் இருப்பார்கள். ஆய்வின் நடுவே ஒருத்தி கருத்தரித்துவிட்டால் அவளுக்கு மருந்தை நிறுத்திவிடுவதும் வழக்கம். அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஊறிப்போன இந்த நடைமுறைக்குத் தாயையும் சிசுவையும் காப்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. வாயும் வயிறுமாய் இருப்பவளிடமா புது மருந்தைச் சோதிப்பது என்று கேட்டால் யாருக்கும் மனம் பதறும். ஆனால் இந்த விலக்கு அவர்களை உண்மையிலேயே காத்திருக்கிறதா என்று கணக்குப் பார்க்கும்போது வரவும் செலவும் ஒத்துப்போகவில்லை.

அச்சத்தின் ஊற்று தாலிடோமைடு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் மருத்துவர் சீட்டே இல்லாமல் வாங்கக்கூடிய தூக்க மருந்தாக அது விற்பனைக்கு வந்தது, மசக்கைக்கும் பயன்பட்டது. 1961 நவம்பரில் திரும்பப் பெறப்படுவதற்குள் பல நாடுகளில் கை கால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பிறந்துவிட்டார்கள். மொத்த எண்ணிக்கை 10,000க்கும் மேல் என்று கணிக்கப்படுகிறது. அமெரிக்காவில் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி பிரான்சஸ் கெல்சி, மருந்து நிறுவனம் தந்த சான்று போதாதென்று அனுமதி தர மறுத்ததால் அந்நாடு பெருமளவு தப்பியது. பின்னர் 1977இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களையே தொடக்கக்கட்ட மருந்தாய்வுகளிலிருந்து விலக்கச் சொன்னது. அந்த அறிவுரை மாற 1993 வரை ஆயிற்று.

இங்கேதான் பாடம் தவறாகப் படிக்கப்பட்டது. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் மருந்துக்கடை வழியே பாதிக்கப்பட்டவர்கள். கர்ப்பத்தில் அம்மருந்து என்ன செய்யும் என்று முறையாகச் சோதிக்காமலேயே விற்றதுதான் குற்றம். முதலில் கருவுற்ற விலங்குகளிடமும், அதில் தேறினால் கண்காணிப்போடு சிலரிடமும் பார்த்திருந்தால் சேதம் இந்த அளவுக்குப் போயிருக்காது. கெல்சி கேட்டதும் கூடுதல் சான்றைத்தான். அவருடைய வெற்றியிலிருந்து நாம் எடுத்துக்கொண்டதோ, சான்றே திரட்ட வேண்டாம் என்ற முடிவு.

டிஇஎஸ் என்ற செயற்கை ஹார்மோனின் கதை இன்னும் சிக்கலானது. கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி 1940களிலிருந்து கொடுத்துவந்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஒப்பீட்டு ஆய்வு, அதனால் பயனில்லை என்று 1953லேயே காட்டியது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த மருந்தை உட்கொண்ட தாய்மாரின் மகள்களுக்கு அரியவகைப் பிறப்புறுப்புப் புற்றுநோய் வருவது 1971இல் தெரிந்த பிறகுதான் கை நின்றது. ஆய்வின் சொல்லைக் கேட்டிருந்தால் பதினெட்டு ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும். ஆனால் அந்த ஆய்வுக்கும் ஒரு கறை உண்டு: அதில் சேர்க்கப்பட்ட பெண்களுக்குத் தாங்கள் விழுங்குவது என்னவென்று சொல்லப்படவில்லை. ஆய்வின் அவசியத்தையும் ஒப்புதல் இல்லாத ஆய்வின் அநீதியையும் இந்த ஒரே நிகழ்ச்சி காட்டிவிடுகிறது.

விலக்கின் முதல் குறை இது: ஆபத்தை அது போக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. வலிப்பு, ஆஸ்துமா, சர்க்கரை, காசநோய் எதுவும் கர்ப்பம் என்று பார்த்து ஒதுங்கிக்கொள்வதில்லை. மருந்து கொடுத்தே ஆகவேண்டும். கர்ப்பத்தில் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு பாதிக்குப் பாதி வரை கூடுகிறது. சிறுநீரகங்கள் பல மருந்துகளை விரைவாக வெளியேற்றுகின்றன. லமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்தின் அளவு இரத்தத்தில் சரிந்து, நின்றிருந்த வலிப்பு திரும்புவதுண்டு. வால்புரோயேட் என்ற மற்றொரு வலிப்பு மருந்தோ சிசுவின் உறுப்புகளையும் பின்னாளில் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கிறது. இதையெல்லாம் முன்கூட்டியே அறிய வழி வைக்காததால், ஒவ்வொரு மருத்துவரும் ஊகத்தில் மருந்து எழுதுகிறார். ஒவ்வொரு கர்ப்பிணியும் தனியொருத்தியாக அதைச் சோதித்துப் பார்க்கிறாள். அங்கே பெரும்பாலும் கண்காணிப்புக் குழு இல்லை, பதிவேடு இல்லை, இழப்பீடும் இல்லை.

கொரோனா காலத்தில் இதை நாமே பார்த்தோம். தொடக்கத் தடுப்பூசி ஆய்வுகள் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. தரவு இல்லை என்பதால், 2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் தடுப்பூசி போடத் தொடங்கியபோது அவர்கள் ஒதுக்கிவைக்கப்பட்டார்கள். அனுமதி வந்தது ஜூலை 2 அன்று. இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களில்தான் இரண்டாம் அலை அடித்தது. காப்பதற்காகச் செய்த விலக்கு, காப்பு மிக வேண்டியிருந்த நேரத்தில் அவர்களை வெறுங்கையோடு நிறுத்திவிட்டது. அதே வேளையில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, கொரோனா சிகிச்சைகளைச் சோதிக்கையில் கர்ப்பிணிகளையும் சேர்த்துக்கொண்டது. அவர்களுக்காக ஸ்டீராய்டு வகையை மாற்றிக்கொண்டது. மனமிருந்தால் வழி உண்டு.

இரண்டாவது குறை, கர்ப்பத்துக்கே உரிய நோய்களில் கேள்விகள் விடையின்றிக் கிடப்பது. கர்ப்பகால இரத்த அழுத்தம் முற்றி வரும் வலிப்புக்கு மக்னீசியம் சல்பேட்டா, டயசிபாமா, பெனிட்டாயினா என்று மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் வாதாடியது. 1995இல் ஒரு பன்னாட்டு ஆய்வு மக்னீசியமே மேல் என்று தீர்த்துவைத்தது. 2002இல் 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களைச் சேர்த்த மேக்பை ஆய்வு, வலிப்பு வருவதையே அது பாதிக்கு மேல் தடுப்பதாகக் காட்டியது. இரத்தப்போக்கை நிறுத்தும் டிரானெக்சாமிக் அமிலத்தை ஜப்பானின் உடாகோ ஒகமோடோவும் அவர் கணவரும் 1960களில் கண்டறிந்தார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கில் அதைச் சோதிக்க உடாகோ விரும்பியும் மகப்பேறு மருத்துவர்கள் ஒத்துழைக்கவில்லை. 20,060 பெண்களைச் சேர்த்த வுமன் ஆய்வு அதன் பயனை உறுதி செய்தது 2017இல். இடையில் ஓடிய அரை நூற்றாண்டில் உதிரப்போக்கால் இறந்த தாய்மாரின் எண்ணிக்கையைத் தயக்கத்தின் கணக்கிலும் எழுதத்தான் வேண்டும்.

அப்படியானால் கதவை அகலத் திறந்துவிடலாமா? கூடாது. விலக்கை ஆதரிப்போரின் அச்சம் வெற்று அச்சமல்ல. கருவில் வளர்ச்சி குன்றும் சிசுக்களுக்கு உதவுமென்று சில்டெனாபில் மருந்தைத் தாய்மாருக்குக் கொடுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வு, 2018 ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்டது. மருந்து பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் 11 பேர், நுரையீரல் பாதிப்பு காரணமாக இருக்கக்கூடிய நிலையில் இறந்திருந்தார்கள். ஒப்புதல் தர இயலாத ஓர் உயிர் இதில் இருக்கிறது என்ற வாதத்தின் கனத்தை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. ஆனாலும் அந்தத் தீங்கைக் கண்டுபிடித்ததும் அதே ஆய்வின் இடைக்காலக் கண்காணிப்புதான். அந்த மருந்து நம்பிக்கையின் பேரில் சிகிச்சையாகவே பரவியிருந்தால், பிறவியிலேயே நலிந்த குழந்தைகளின் இறப்பில் அதன் பங்கு தெரியாமலே போயிருக்கும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. குறைமாதப் பிரசவம் நேரக்கூடிய தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சிசுவின் நுரையீரல் முதிரும் என்று நியூசிலாந்தின் லிகின்ஸும் ஹோவியும் 1972இல் காட்டினார்கள். அதையே இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளின் கிராமப்புறங்களுக்குக் கொண்டுசென்ற ஓர் ஆய்வு, பச்சிளங்குழந்தை இறப்பு மொத்தத்தில் கூடியதாக 2015இல் அறிவித்தது. கர்ப்பகாலத்தைச் சரியாகக் கணித்து, பிறந்த குழந்தையைக் கவனிக்கும் வசதியுள்ள மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வோ, 2020இல் இறப்பு குறைவதை நிறுவியது. ஓரிடத்துச் சான்றை இன்னோரிடத்தில் கண்மூடி ஏற்க முடியாது. நம் மருத்துவமனைகளுக்கான விடையை நம் மருத்துவமனைகளில்தான் தேட வேண்டும்.

எனவே விலக்கு வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, காரணம் சொல்லும் பொறுப்பு யாருடையது என்பதே கேள்வி. இன்று கர்ப்பிணிகளைச் சேர்க்க விரும்பும் ஆய்வாளர் காரணம் சொல்கிறார். விலக்குபவரை யாரும் கேட்பதில்லை. இது தலைகீழாக வேண்டும். கருவுற்ற விலங்குகளிடம் செய்யும் சோதனைகளை முன்னதாகவே முடிக்கலாம். ஆய்வின் நடுவே கருத்தரித்தவளுக்கு, உள்ளதை உள்ளபடி விளக்கி, தொடரவோ விலகவோ வாய்ப்புத் தரலாம். விற்பனைக்கு வந்தபின் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பின்பற்றும் பதிவேடுகளைப் பெருக்கலாம். வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்காகக் கேரளத்தில் 1998 முதல் இயங்கும் பதிவேடு நல்ல முன்மாதிரி. ஆய்வால் கருவிலுள்ள குழந்தைக்கு நேரும் பாதிப்பையும் இழப்பீட்டுக்கு உரியதாக்கும் 2019ஆம் ஆண்டு விதிகள் நம்மிடம் ஏற்கெனவே உள்ளன. ஏழைப் பெண்ணின் கைநாட்டை ஒப்புதலாகக் கொள்ளாமல், அவள் கேள்வி கேட்கும் வரை காத்திருக்கும் பொறுமைதான் இன்னும் வரவேண்டும்.

ஆய்வுத் திட்டங்களை அலசும் நெறிமுறைக் குழுக்கள் ஒன்றை மட்டும் தொடங்கட்டும்: “கர்ப்பிணிகள் சேர்க்கப்பட மாட்டார்கள்” என்ற வரியைக் காணும்போதெல்லாம் ஏன் என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்கட்டும். தக்க பதில் இருந்தால் விலக்கு நிற்கட்டும். இல்லையென்றால் அந்த வரியை அடிக்கட்டும்.