கல்லூரி ஆட்ட நினைவுகள்: எதற்குச் சான்று, எதற்கு ஆகாது

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து அணிகளும் அமெரிக்கக் கால்பந்து அணிகளும் தங்கள் வீரர்களைப் பெரும்பாலும் கல்லூரிகளிலிருந்தே பெறுகின்றன. ஐரோப்பியக் கால்பந்துக் கழகங்கள் சிறுவர்களைத் தாமே சேர்த்துப் பயிற்றுவிக்கின்றன. இந்தியக் கிரிக்கெட் வயதுவாரிப் போட்டிகளையும் மாநில அணிகளையும் நம்பியிருக்கிறது. அமெரிக்காவில் அந்த வேலை பல்கலைக்கழகங்களின் தலையில் விழுந்திருக்கிறது. 1906இல் தொடங்கிய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் (என்சிஏஏ) இந்த ஆட்டங்களுக்கு விதி வகுக்கிறது. ஆண்டுக்கொரு முறை நடக்கும் 'டிராஃப்ட்' தேர்வில் என்பிஏ (கூடைப்பந்து), என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து) அணிகள் முறை வைத்து வீரர்களை எடுத்துக்கொள்கின்றன.

இதனால் புகழ்பெற்ற வீரர் எவரையும் அவர் பெரிய ஆளாவதற்கு முன்பே பார்த்தவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. "கல்லூரியில் ஆடும்போதே அவரைப் பார்த்தேன்" என்பது அந்நாட்டு விளையாட்டுப் பேச்சில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம். வாழ்க்கை வரலாறுகள், பத்திரிகைக் கட்டுரைகள், அணி வரலாறுகள் எல்லாம் இத்தகைய நினைவுகளை மூலப்பொருளாகக் கொள்கின்றன. அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நினைவு உருவாகும் சூழல்

தொழில்முறை அணிகள் பெருநகரங்களில் இருக்கின்றன. புகழ்பெற்ற கல்லூரி அணிகள் பலவோ, அந்தக் கல்லூரியைச் சுற்றியே வளர்ந்த சிற்றூர்களில் இருக்கின்றன. ஆன் ஆர்பர் நகரிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். என்எஃப்எல் அரங்கு எதுவும் அந்த அளவுக்கு வராது. டியூக் பல்கலைக்கழகத்தின் கேமரன் அரங்கு இதற்கு நேர்மாறு: 9,314 பேருக்கே இடம். மாணவர்கள் ஆடுகளக் கோட்டை ஒட்டி நின்று கத்துவார்கள். பெரிய ஆட்டங்களுக்கு இடம்பிடிக்க நாள்கணக்கில் கூடாரம் போட்டுத் தங்குவதும் அங்கே வழக்கம்.

ஆடுபவரும் பார்ப்பவரும் ஒரே வயதினர், ஒரே வளாகத்தினர். பொதுவாக நான்கைந்து ஆண்டுகளில் வீரர் வெளியேறிவிடுவார், பார்வையாளரும் படிப்பை முடித்துக்கொண்டு போய்விடுவார். வீரரைப் பற்றிய நினைவு சொந்த இளமையைப் பற்றிய நினைவோடு பின்னிக்கொள்கிறது. இந்த நினைவுகளின் செறிவுக்கும் சாய்வுக்கும் இதுவே காரணம்.

நினைவின் பலம்

இத்தகைய நினைவு, முழுமை பெறாத ஆட்டக்காரரைக் காட்டுகிறது. ஸ்டீபன் கரியின் தந்தை டெல் கரி என்பிஏவில் ஆடியவர். ஆனாலும் தந்தை படித்த வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் மகனுக்கு உதவித்தொகை தர முன்வரவில்லை. அவர் வட கரோலினாவின் டேவிட்சன் என்ற சிறிய கல்லூரியில் சேர்ந்தார். 2008 தேசியப் போட்டியில் கொன்சாகாவுக்கு எதிராக 40 புள்ளிகள் எடுத்தார். அவற்றில் 30 இரண்டாம் பாதியில் வந்தவை. அடுத்து ஜார்ஜ்டவுனும் விஸ்கான்சினும் வீழ்ந்தன. கான்சஸுக்கு எதிரான காலிறுதியில் 57-59 என்று டேவிட்சன் பின்தங்கியிருக்க, கடைசி வாய்ப்பில் பந்து கரியிடம் வந்தது. இருவர் அவரை மறித்தனர். அவர் பந்தைச் சக வீரர் ஜேசன் ரிச்சர்ட்ஸிடம் தள்ளினார். ரிச்சர்ட்ஸ் எறிந்தது வளையத்தில் விழவில்லை. அடுத்த பருவத்தில் ரிச்சர்ட்ஸ் படிப்பை முடித்துப் போய்விட, பந்தை ஏந்தி ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு கரியின் கைக்கு வந்தது. குறிபார்த்து எறிபவர், அணியை நடத்துபவராக மாறிய ஓராண்டு அது. தொழில்முறைப் புள்ளிவிவரங்களில் இந்த மாற்றம் கிடைக்காது. அதைக் கூட இருந்து பார்த்தவர்களே விளக்க முடியும்.

ஏடுகள் விட்டுச்சென்ற இடைவெளியையும் நினைவு நிரப்புகிறது. 1972 வரை முதலாண்டு மாணவர்கள் கூடைப்பந்தின் முதன்மை அணியில் ஆட அனுமதியில்லை. 1965 நவம்பரில் யுசிஎல்ஏவின் புதிய அரங்கில் அக்கல்லூரியின் முதலாண்டு அணி, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் தேசியப் பட்டம் வென்றிருந்த முதன்மை அணியை 75-60 என்று தோற்கடித்தது. 31 புள்ளிகள் எடுத்தவர் லூ அல்சிண்டர், பின்னாளைய கரீம் அப்துல்-ஜப்பார். அது ஒரே கல்லூரிக்குள் நடந்த ஆட்டம் என்பதால் முதன்மை அணியின் வெற்றி தோல்விக் கணக்கில் சேராது. அதன் பெருமை பார்த்தவர்கள் வழியாகவே பரவியது. 1967 முதல் 1976 வரை கல்லூரி ஆட்டங்களில் பந்தை வளையத்துக்குள் மேலிருந்து கையால் திணிக்கும் 'டங்க்' தடைசெய்யப்பட்டிருந்தது. அந்தத் தடைக்கு உட்பட்டு அல்சிண்டர் ஆடிய கடைசி இரண்டு பருவங்களை எண்களை மட்டும் வைத்து அளந்தால் தவறான முடிவே கிடைக்கும்.

தொழில்முறை ஆட்டத்தை எட்டாமலே போனவர்களுக்கு இந்த நினைவே ஏறக்குறைய முழு ஆவணம். மேரிலாந்தின் லென் பயஸை 1986 ஜூனில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி இரண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. இரண்டே நாளில் அவர் கொக்கெயின் உட்கொண்டு இறந்தார். அவரை மைக்கேல் ஜோர்டனுக்கு இணையாகச் சொல்பவர்கள் உண்டு. அதை மெய்ப்பிக்கவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை. பயஸ் எப்படி ஆடினார் என்பதற்கு அந்த நினைவு சான்றாகும், எப்படி ஆகியிருப்பார் என்பதற்கு ஆகாது.

நினைவின் குறைகள்

பின்னர் நடந்ததை முன்பே தெரிந்திருந்ததாக எண்ணிக்கொள்வது முதல் குறை. 1982 மார்ச் 29 அன்று நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் வட கரோலினாவும் ஜார்ஜ்டவுனும் மோதிய இறுதி ஆட்டம் இதற்குத் தெளிவான உதாரணம். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்த்த அந்த ஆட்டம் இன்று 'ஜோர்டனின் ஆட்டம்' என்றே சொல்லப்படுகிறது. முதலாண்டு மாணவரான அவர் கடைசி இருபது விநாடிக்குள் இடப்பக்கத்திலிருந்து எறிந்த பந்து அணியை 63-62 என முன்னிலைக்குக் கொண்டுசென்றது. ஆனால் அன்று 28 புள்ளிகள் எடுத்துச் சிறந்த வீரர் விருது பெற்றவர் ஜேம்ஸ் வொர்தி. வட கரோலினாவின் முதல் எட்டுப் புள்ளிகளும், வளையத்துக்குள் இறங்கிய பந்தை ஜார்ஜ்டவுனின் பேட்ரிக் யூயிங் விதிமீறித் தட்டியதால் கிடைத்தவை. ஜோர்டனின் எறிதலுக்குப் பிறகும் ஜார்ஜ்டவுனுக்கு வெல்ல நேரம் இருந்தது. அதன் வீரர் ஃப்ரெட் பிரவுன், சக வீரர் என்று எண்ணி வொர்தியின் கையிலேயே பந்தைக் கொடுத்துவிட்டார். ஆட்டம் அங்கே முடிந்தது. ஜோர்டன் பிற்காலத்தில் உச்சத்தை எட்டியதால் இவையெல்லாம் பின்னுக்குப் போய், ஓர் எறிதல் மட்டும் முன்னுக்கு வந்தது. அன்றே எல்லாம் தெரிந்துவிட்டது என்றால், இரண்டு ஆண்டு கழித்து நடந்த தேர்வில் அவர் ஹக்கீம் ஒலாஜுவானுக்கும் சாம் போவிக்கும் அடுத்து மூன்றாவதாகப் போயிருக்க மாட்டார்.

வென்றவர்களை மட்டும் நினைவில் வைப்பது இரண்டாவது குறை. என்சிஏஏவே தரும் மதிப்பீட்டின்படி, கல்லூரியில் கூடைப்பந்தோ அமெரிக்கக் கால்பந்தோ ஆடுபவர்களில் பெரிய தொழில்முறை அணிகளுக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஒருவரைப் பார்த்தவுடனே இவர் பெரிதாக வருவார் என்று சொன்னவர், வேறு எத்தனை பேரைப் பற்றி அப்படியே சொல்லித் தவறினார் என்ற கணக்கு எங்கும் இருப்பதில்லை. டிம் டீபோ ஃபுளோரிடாவின் இரண்டு தேசியப் பட்டங்களில் பங்கு கொண்டவர். சிறந்த கல்லூரி அமெரிக்கக் கால்பந்து வீரருக்கான ஹைஸ்மன் விருதை இரண்டாம் ஆண்டு மாணவராகப் பெற்ற முதல் வீரரும் அவரே. என்எஃப்எல்லில் அவரால் நிலைக்க முடியவில்லை. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ஜிம்மர் ஃப்ரெடெட் 2011இல் நாட்டிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தார். என்பிஏவில் வேரூன்ற முடியாமல் சீனாவில் போய் ஆடினார். எதிர்த்திசையில் டாம் பிரேடி: மிச்சிகனில் கடைசி ஆண்டிலும் இன்னொருவரோடு இடத்தைப் பங்கிட்டுக்கொண்டவர், 2000 தேர்வில் 199ஆவது ஆளாக எடுக்கப்பட்டு ஏழு சூப்பர் பவுல் வென்றார்.

தனிநபர் விளையாட்டிலும் இதே நிலைதான். 2007 கல்லூரி டென்னிஸ் இறுதி ஆட்டத்தில் சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன், வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி ஜார்ஜியாவின் ஜான் இஸ்னரை அவருடைய சொந்தத் திடலிலேயே மூன்றாம் செட் டைபிரேக்கரில் வென்றார். மறுஆண்டும் பட்டம் அவருக்கே. தொழில்முறை ஆட்டத்தில் இஸ்னர் உலகத் தரவரிசையில் 8ஆம் இடம் வரை ஏறினார். சோம்தேவின் உச்சம் 62. அன்றைய ஆட்டத்தைப் பார்த்தவர் கண்டதில் பிழையில்லை. அதை வைத்துப் பின்னாளைக் கணித்திருந்தால் தவறியிருக்கும்.

கண் படாத இடங்கள் இருப்பது மூன்றாவது குறை. கூடைப்பந்து வீரர் ஸ்காட்டி பிப்பன் ஆடிய சென்ட்ரல் ஆர்கன்சாஸ் அப்போது என்சிஏஏவிலேயே இல்லை. அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜெர்ரி ரைஸ் படித்த மிசிசிப்பி வேலி ஸ்டேட், கறுப்பின மாணவர்களுக்காக ஏற்பட்ட சிறிய கல்லூரிகளில் ஒன்று. இவர்களைக் கல்லூரியில் பார்த்ததாகச் சொல்லக்கூடியவர் மிகச் சிலர். தொலைக்காட்சி போகும் இடத்தில்தான் நினைவும் திரளுகிறது. மேஜிக் ஜான்சனும் லேரி பேர்டும் மோதிய 1979 கூடைப்பந்து இறுதி ஆட்டத்தை அமெரிக்கத் தொலைக்காட்சி வீடுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பார்த்தது. அந்த ஆட்டம் நடந்த சால்ட் லேக் சிட்டி அரங்கில் இருந்தவர்கள் சுமார் பதினைந்தாயிரம் பேரே. 'பார்த்தேன்' என்ற சொல்லுக்குள் அரங்கு, நேரலை, மறுஒளிபரப்பு மூன்றும் காலப்போக்கில் கலந்துவிடுகின்றன.

நினைவில் வராத பணம்

நான்காவது குறை ஒழுக்கம் சார்ந்தது. பணத்துக்காக ஆடாத தூய ஆட்டம் என்று கல்லூரி ஆட்டத்தைப் பலர் நினைவுகூர்கிறார்கள். ஆனால் நுழைவுச்சீட்டு, ஒளிபரப்பு உரிமை, பயிற்றுநர் ஊதியம் என எல்லாப் பக்கமும் பணம் ஓடியது. வீரருக்குக் கிடைத்தது உதவித்தொகை மட்டுமே.

எட் ஓபேனன் வழக்கு இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1995 இறுதி ஆட்டத்தில் 30 புள்ளிகள் எடுத்து யுசிஎல்ஏவுக்குப் பட்டம் பெற்றுத்தந்தவர் அவர். என்பிஏவில் இரண்டு பருவங்களே ஆடினார். பிற்பாடு நண்பர் வீட்டில் ஒரு வீடியோ கேமில் தன்னையே கண்டார்: அதே உயரம், அதே 31ஆம் எண், அதே இடக்கை எறிதல். பெயர் மட்டும் இல்லை. ரசிகர்களின் பழைய நினைவு விலைக்கு விற்கப்பட்டது, நினைவுக்குரியவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. 2009இல் அவர் தொடுத்த வழக்கில், என்சிஏஏவின் விதிகள் போட்டியைத் தடுப்பதற்கு எதிரான சட்டத்தை மீறுவதாக 2014இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஒருமனதாக என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. 2025இல் ஏற்கப்பட்ட சமரசத்துக்குப் பிறகு கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம் என்றாகிவிட்டது.

மாறும் அடித்தளம்

நினைவு ஊன்றுவதற்கு நேரம் வேண்டும். 2006 தேர்வு முதல் என்பிஏவில் சேர 19 வயதும், பள்ளிப் படிப்பு முடித்து ஓராண்டும் கட்டாயமாயின. சிறந்த வீரர்கள் கல்லூரியில் ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டுப் போகும் வழக்கம் அதிலிருந்து பெருகியது. ஆட்ட வாய்ப்பை இழக்காமல் கல்லூரி மாறுவதும் 2021க்குப் பிறகு எளிதாயிற்று. ஒரே வீரரை மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு ஆண்கள் கூடைப்பந்தில் சுருங்கிவிட்டது.

பெண்கள் ஆட்டத்தில் அது இன்னும் இருக்கிறது. கெய்ட்லின் கிளார்க் அயோவாவில் நான்கு ஆண்டுகள் ஆடி, 2024 மார்ச்சில் பீட் மரவிச்சின் 3,667 புள்ளிகள் என்ற சாதனையைக் கடந்தார். மரவிச் ஆடியது மூன்றே பருவங்கள், 83 ஆட்டங்கள். மூன்று புள்ளிக் கோடும் அன்று கிடையாது. இரு எண்களை ஒப்பிடுகிறவர்களுக்கு, மரவிச் எங்கிருந்தெல்லாம் எறிந்தார் என்று சொல்லக்கூடிய கண்சாட்சிகள் தேவைப்பட்டார்கள். எண் நின்றுபோகும் இடத்தில் நினைவு பயன்படுவதற்கு இது நல்ல சான்று.

பயன்படுத்தும் முறை

ஆகவே இந்நினைவுகளை மூன்று கேள்விகளுக்கு உட்படுத்திய பிறகே வரலாற்றில் சேர்க்க வேண்டும். சொல்பவர் அரங்கில் இருந்தாரா, திரையில் பார்த்தாரா என்பது ஒன்று. அவர் சொல்வது அன்றைய ஸ்கோர் ஏட்டோடும் மறுநாள் நாளிதழோடும் ஒத்துப்போகிறதா என்பது இரண்டு. அதே அணியில் ஆடித் தொழில்முறைக்குப் போகாதவர்களைப் பற்றியும் அவருக்கு ஏதாவது நினைவிருக்கிறதா என்பது மூன்று. மூன்றாவது கேள்விதான் சல்லடை. அணியின் பன்னிரண்டு பேரில் பின்னாளில் புகழ்பெற்ற ஒருவர் மட்டும் நினைவிலிருந்தால், அந்த நினைவு பிற்காலப் புகழிலிருந்து திரும்பி எழுதப்பட்டது என்று கொள்ளலாம். ரிச்சர்ட்ஸின் எறிதலும் பிரவுனின் தவறான பாஸும் சேர்ந்தே நினைவிலிருந்தால், சொல்பவர் ஆட்டத்தையே பார்த்திருக்கிறார் என்று நம்ப இடமுண்டு. இச்சோதனையில் தேறும் நினைவை, ஒரு வீரர் எந்த அணியில், எந்த விதியின்கீழ், யாரோடு ஆடி வளர்ந்தார் என்பதற்குச் சான்றாக ஏற்கலாம். யார் உயர்வார் என்பது முன்பே தெரிந்திருந்தது என்ற கூற்றுக்கு அதைச் சான்றாகக் கொள்ள இயலாது.