வேஸ்ட்லேண்ட் 2: தண்ணீரா, உணவா என்ற கேள்வியும் ஆட்டக்காரர்களின் மனக்குறையும்

வேஸ்ட்லேண்ட் 2, அணுப்போருக்குப் பின் பாழாகிக் கிடக்கும் அமெரிக்காவில், முதலில் அரிசோனாவிலும் பிறகு லாஸ் ஏஞ்சல்ஸிலும் நடக்கும் கணினி விளையாட்டு. பிரையன் ஃபார்கோவின் இன்எக்ஸைல் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் இதை 2014 செப்டம்பரில் வெளியிட்டது. 1988இல் வந்த வேஸ்ட்லேண்ட் விளையாட்டின் தொடர்ச்சி இது. இடைப்பட்ட 26 ஆண்டுகளில் இதே வகையில் ஃபால்அவுட் (1997) வந்து பெரும்புகழ் பெற்றது. ஆனால் 2008இல் வந்த ஃபால்அவுட் 3, முறைவைத்து ஆடும் சண்டையைக் கைவிட்டு, நேரடியாகக் குறிபார்த்துச் சுடும் விளையாட்டாக மாறிவிட்டது. பழைய பாணியை விரும்பியவர்களுக்கு அது ஆறாத குறை. அதனால்தான் 2012 மார்ச்சில் ஃபார்கோ கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 9 லட்சம் டாலர் கேட்டபோது இரண்டே நாட்களுக்குள் அந்தத் தொகை சேர்ந்தது. கடைசியில் 61,290 பேர் சேர்ந்து 29 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். விளையாட்டு வருவதற்கு முன்பே பணம் போட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய கருத்து கடையில் பொருள் வாங்கியவரின் கருத்தாக இல்லாமல், பங்காளியின் உரிமையோடும் பங்காளியின் கோபத்தோடும் வெளிப்பட்டது. இவ்விளையாட்டைப் பற்றிய விமர்சனங்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

முறைவைத்து ஆடுவது

‘டர்ன்-பேஸ்டு’ என்பது நமக்குப் புதிதல்ல. ஆடுபுலி ஆட்டம் அதுதான். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஒருவர் நகர்த்திக் கையை எடுத்த பிறகே மற்றவர் முறை. அவர் எவ்வளவு நேரம் யோசித்தாலும் கட்டத்தில் எதுவும் அசையாது. வேஸ்ட்லேண்ட் 2இல் ஆட்டக்காரர் நான்கு ‘ரேஞ்சர்’களை உருவாக்கிக்கொள்கிறார். வழியில் இன்னும் மூன்று பேர் வரை சேரலாம். சண்டை தொடங்கியதும் தரை கட்டங்களாகப் பிரிகிறது. ஒவ்வொருவருக்கும் சில செயல்புள்ளிகள் உண்டு. நடக்க, குனிய, சுட, துப்பாக்கியில் குண்டு நிரப்ப அவற்றைச் செலவிட வேண்டும். ஆடுபுலியிலிருந்து இது மாறுபடும் இடம் ஒன்றுதான். சுட்ட குண்டு படுமா படாதா என்பதைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகடை தீர்மானிக்கிறது. ஆடுபுலியோடு தாயத்தையும் கலந்ததுபோல என்று சொன்னால் புரிந்துவிடும்.

ஆட்டக்காரர்கள் அதிகம் புலம்புவது இந்தப் பகடையைப் பற்றித்தான். திரையில் 95 சதவீதம் என்று காட்டிவிட்டுக் குண்டு தவறினால், விளையாட்டு ஏமாற்றுகிறது என்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதில் ஏமாற்று ஏதும் இல்லை. 95 சதவீத வாய்ப்போடு இருபது முறை சுட்டால், ஒருமுறையாவது தவறுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 சதவீதம். ஏழு பேர் சுடும் ஒரு பெரிய சண்டையில் இருபது குண்டு என்பது சாதாரணம். ஆகவே தவறாமல் போனால்தான் வியப்பு. ஜப்பானின் ஃபயர் எம்ப்ளம் தொடரில் பல பாகங்கள் இந்தப் புலம்பலைத் தவிர்க்க வேறு வழியைக் கையாள்கின்றன: ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களை எடுத்து, அவற்றின் சராசரியைப் பார்க்கின்றன. அங்கே 90 என்று காட்டினால் உண்மையில் வாய்ப்பு 98க்கு மேல். காட்டும் எண் பொய்; ஆனாலும் ஆட்டக்காரர்கள் அதைத்தான் நியாயம் என்று உணர்கிறார்கள்.

தாயக்கட்டையில் 0, 1, 2, 3 என நான்கு முகங்கள் உண்டு. இரண்டு கட்டைகளை உருட்டித் தாயம் விழ எட்டில் ஒரு பங்குதான் வாய்ப்பு. காய் இறங்காமலே பத்துச் சுற்று உட்கார்ந்திருப்பவர் கட்டையைத் திட்டுவார், எதிராளியைக் கிண்டல் செய்வார். ஆட்டம் மோசடி என்று எழுந்துபோவதில்லை. கட்டை அவர் கையிலேயே உருள்கிறது என்பதே காரணம். கணினியின் பகடை தெரிவதில்லை, அதனால் சந்தேகம் வருகிறது. இந்தக் குறையை விளையாட்டின் குறையாக நான் எண்ண மாட்டேன்.

திறன்களைப் பற்றிய குறை வேறு. பூட்டைத் திறக்க ஒரு திறன், இரும்புப் பெட்டியைத் திறக்க இன்னொன்று, கண்ணிவெடியை அகற்ற ஒன்று, எச்சரிக்கை மணியை நிறுத்த ஒன்று என்று தேவைக்கு மேல் பிரித்திருக்கிறார்கள். ரொட்டி சுடும் கருவியைப் பழுதுபார்க்கக்கூடத் தனித் திறன் உண்டு. அது வேடிக்கைக்காக வைத்தது என்று விட்டுவிடலாம். மற்றவை அலுப்பூட்டுகின்றன. பூட்டு சிக்கிக்கொண்டால் உடனே பழைய ‘சேவ்’க்குத் திரும்பி மீண்டும் முயல்வதுதான் பெரும்பாலோரின் வழக்கம். தோல்விக்குப் பொருளே இல்லாமல் போகிற இடம் இது. துப்பாக்கி வகைகளில் அசால்ட் ரைஃபிள் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சி நிற்பதும் சரியான குற்றச்சாட்டே.

ஹைபூலும் அக் சென்டரும்

ஆனால் இந்த விளையாட்டை நினைவில் நிறுத்துவது சண்டை அல்ல, தொடக்கத்திலேயே வரும் ஒரு தேர்வு. வானொலிக் கோபுரங்களைச் சரிசெய்ய ஜெனரல் வார்காஸ் புதிய ரேஞ்சர்களை அனுப்புகிறார். போகும் வழியில் இரண்டு ஊர்களிலிருந்து உதவி கேட்டு அழைப்பு வருகிறது. ஹைபூல், சுற்றுவட்டாரத்துக்குத் தண்ணீர் தரும் ஊர், கொள்ளையர்கள் தாக்குகிறார்கள். அக் சென்டர், உணவு விளைவிக்கும் வேளாண் ஆய்வு மையம். பிறழ்ந்து வளர்ந்த செடிகளும் பூச்சிகளும் அதை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. இரண்டில் ஒன்றுக்குத்தான் போக முடியும். போகாத ஊரின் குரல் வானொலியில் கேட்டுக்கொண்டே இருக்கும். கெஞ்சும், திட்டும், கடைசியில் நின்றுபோகும். இரண்டு ஊர்களும் 1988 விளையாட்டிலேயே இருந்தவை என்பதால் பழைய ஆட்டக்காரர்களுக்கு அடி இன்னும் பலமாக விழுந்தது.

இதைப் பற்றிய கருத்துகள் இரண்டாகப் பிரிந்தன. எவ்வளவு திறமையாக ஆடினாலும் இரண்டையும் முழுதாகக் காப்பாற்ற வழி இல்லையென்றால் அது ஆட்டமே இல்லை, கதாசிரியர் நம் கையை முறுக்குகிறார் என்பது ஒரு தரப்பு. பின்விளைவு என்ற சொல்லை விளம்பரத்தில் மட்டும் வைத்திருக்கும் பல விளையாட்டுகளுக்கு நடுவே, இது மெய்யாகவே ஒன்றை இழக்கவைக்கிறது என்பது மறுதரப்பு. எழுத்தின் வலிமையைப் பார்த்தால் இரண்டாம் தரப்பின் பக்கமே நிற்கத் தோன்றுகிறது. துப்பாக்கிச் சூட்டில் இல்லாத பதற்றம் அந்த வானொலிக் குரலில் இருக்கிறது.

ஆனால் இரு தரப்பும் ஒன்றைக் கேட்காமல் விடுகின்றன. தண்ணீர் வேறு, சோறு வேறு என்று பிரித்து இரண்டு பொத்தான்களாக வைக்க முடியுமா?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் கேள்வி தானாக எழும். மதுரையிலிருந்து தேனி போகும் சாலையில், மழையை நம்பிய மானாவாரி நிலம் இது. வைகை அணை தொலைவில் இல்லை, ஆண்டிபட்டிக்கு அருகேதான். 1959இல் திறக்கப்பட்ட அந்த அணையின் நீர் மதுரைக்கும் சிவகங்கைக்கும் இராமநாதபுரத்துக்கும் போகிறது. உசிலம்பட்டி வட்டாரக் கண்மாய்களுக்கு அதே நீரைக் கொண்டுவரும் 58 கிராமக் கால்வாய், பல பத்தாண்டுகள் மனுவாகவும் மறியலாகவும் இருந்த பிறகே தண்ணீரைக் கண்டது. சோதனை ஓட்டம் 2018இல்தான் நடந்தது. இப்போதும் அணையின் நீர்மட்டம் 67 அடியை எட்டினால்தான் இக்கால்வாயில் திறக்க முடியும். அணையின் முழு அளவே 71 அடி. அந்த நான்கு அடிக்குள்தான் இப்பகுதியின் நெல்லும் ஆட்டு மந்தையும் கிணற்று ஊற்றும் அடங்கியிருக்கின்றன. எப்போது திறப்பது, எத்தனை நாள், யாருடைய பங்கிலிருந்து என்பதை அரசாணையும் பொறியாளரும் ஆயக்கட்டுகளின் பழைய உரிமையும் தெருவில் உட்காரும் கூட்டமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. தண்ணீரைக் காப்பாற்றிவிட்டு விளைச்சலை விட்டுவிட்டேன் என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. கண்மாய் நிரம்பாத ஆண்டில் இரண்டும் சேர்ந்தே போகும்.

விளையாட்டில் பற்றாக்குறை வெளியிலிருந்து வருகிறது: கொள்ளையன், அல்லது பிறழ்ந்த செடி. அவர்களைச் சுட்டு வீழ்த்தினால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. உதவிக்குப் போகும் ரேஞ்சர் முன்னே இருப்பது எதிரியின் தலைக்கு மேல் மிதக்கும் சதவீதம்; தண்ணீர் யாருக்கு எவ்வளவு என்ற பங்கீட்டுக் கேள்வி அந்தத் தேர்வில் எழுவதே இல்லை. இன்னொரு முரணும் உண்டு. வரைபடத்தில் பயணம் செய்யும்போது குழுவின் குடுவையில் தண்ணீர் குறைந்துகொண்டே வரும். வழியில் உள்ள பாலைவனச் சோலைகளில் நிரப்பிக்கொள்ள வேண்டும். நல்ல யோசனை. ஆனால் தண்ணீர் தரும் ஊரையே சாகவிட்டு வந்த பிறகும் அந்தச் சோலைகள் முன்பு போலவே காத்திருக்கின்றன. வந்து நின்றால் குடுவை நிரம்பிவிடுகிறது. குரல் அடங்கிய துயரம் கதையில் இருக்கிறது, குடுவையில் இல்லை. முறைவைத்து ஆடும் விளையாட்டின் பலமே, ஒவ்வொரு செலவுக்கும் கணக்கு வைப்பதுதான். ஒரு தோட்டாவுக்குக்கூடக் கணக்கு வைக்கத் தெரிந்தவர்கள் இந்தப் பெரிய இழப்பைக் கணக்கில் ஏற்றாமல் விட்டுவிட்டார்கள்.

தேர்வு அநியாயம் என்று திட்டிய ஆட்டக்காரர்களின் கோபத்தில் ஏதோ உண்மை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். அவர்கள் சொன்ன காரணம் சரியில்லை. எல்லாரையும் காப்பாற்ற முடியாததில் அநியாயம் ஏதும் இல்லை. இழந்தது அடுத்த பத்து மணி நேர ஆட்டத்தில் கையில் உறைக்காமல் போவதுதான் குறை. உறைக்காத இழப்பு கதாசிரியரின் தந்திரமாகவே தோன்றும். பலர் பழைய ‘சேவ்’க்குத் திரும்பி மற்ற ஊரைக் காப்பாற்றிப் பார்த்து, எந்தப் பக்கம் பொருள் அதிகம் கிடைக்கிறது என்று ஒப்பிட்டதில் வியப்பில்லை. சிக்கிய பூட்டுக்குச் செய்ததையே சாகும் ஊருக்கும் செய்தார்கள்.

2015இல் வந்த ‘டைரக்டர்ஸ் கட்’ பதிப்பு கை, கால், தலை என்று குறித்துச் சுடும் வசதியையும் கூடுதல் குரல் நடிப்பையும் சேர்த்தது. புதிதாக ஆடுபவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் உள்ளிட்ட சில மொழிகளில் கிடைக்கிறது, தமிழில் இல்லை. எழுத்து மிக அதிகம் என்பதால் ஆங்கில வாசிப்பில் பழக்கமில்லாத மாணவர்களுக்கு முதல் சில மணி நேரம் கடினமாக இருக்கும்.

வேஸ்ட்லேண்ட் 3 (2020) கொலராடோவின் பனியில் நடக்கிறது. அங்கும் தொடக்கத்தில் இதே போன்ற ஒரு தேர்வு வருகிறது: ஒரு பக்கம் தாக்கப்படும் ஒரு பண்ணைக் குடும்பம், மறுபக்கம் போர்க்கவசம் ஏற்றிவந்து சிக்கிக்கொண்ட வண்டித் தொடர். சண்டை வேகமாகிவிட்டது, திறன்கள் சுருங்கிவிட்டன. ஆட்டக்காரர்கள் கேட்ட பலவும் கிடைத்துவிட்டன. பயணத்தில் தண்ணீர்க் கணக்கை மட்டும் முற்றிலும் எடுத்துவிட்டார்கள்.