கேட்கப்படாத பேச்சு

1956 ஜனவரி 8இல், ஈக்வடோரின் குராராய் ஆற்றங்கரையில், விமானி நேட் செயின்ட் உட்பட ஐந்து மிஷனரிகள் வவோரானிகளின் ஈட்டிக்குப் பலியானார்கள். கொல்லப்பட்டவர்களில் ஒருவரின் மனைவி எலிசபெத் எலியட் 1957இல் எழுதிய நூலை ஜெபத்தின் பிரதியாகவே படித்துவந்தேன். மறுவாசிப்பில் ஓர் இடம் உறுத்துகிறது. இரண்டு நாள் முன்பு வந்த வவோரானி ஒருவனுக்கு 'ஜார்ஜ்' என்று பெயர்வைத்து விமானத்தில் ஏற்றிப் பறக்கிறார்கள். அவன் ஓயாமல் பேசுகிறான், யாருக்கும் புரியவில்லை. நூல் முழுக்க ஜெபங்களைக் கேட்கத் தேவன் இருக்கிறார். சரி, அவன் பேசினதை யார் கேட்டது? ஆனாலும் 'அதிகாரம்' என்ற ஒத்தைச் சொல்லால் இதை மூடிவிட முடியாது. துப்பாக்கி வைத்திருந்தும் வவோரானிகளைச் சுடுவதில்லை என்று முன்பே தீர்மானித்திருந்தார்கள். அந்த விசுவாசத்தை மதிக்கிறேன். அதற்குக் கேட்காமல் போன பேச்சையும் சேர்த்துத்தான் இனி வாசிக்கணும்.